தும்பையும் பள்ளித்துறையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





விழாக் குழுவினர் என் இல்லம் போந்து, "சிற்றூர்க் கோயிலும் மக்கள் தொண்டும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தபோது சற்றே தயங்கினேன். அவர்கள் கருதியது கிறித்தவக் கோயிலை. நான் அச்சமயத்தைச் சார்ந்தவனல்லேன். ஆயினும் திருவனந்தபுரத்துக்குப் பிழைப்பு நாடி வந்து நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இந்நகரின் மேற்கு எல்லை கடல். அக்கடற்கரை நெடுகிலும், வடக்கே அஞ்சுதெங்கு முதல் தெற்கே பொழியூர் வரையில், ஊருக்கொரு கோயில் நிற்கிறது. விமானத்தில் வந்திறங்குவோர் கண்ணுக்கு முதலில் தென்படுவன தென்னந்தோப்புகளும் அவற்றிடையே எழும் அக்கோபுரங்களுமே. இத்தனை ஆண்டுகள் அண்டை வீட்டாராக வாழ்ந்துவிட்டு, அவர்களைப்பற்றி ஒன்றும் அறியேன் என்று சொல்வது நாகரிகமாகாது என்று எண்ணி ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நாம் 'பள்ளி' என்றால் பிள்ளைகள் படிக்குமிடத்தை நினைக்கிறோம். மலையாள நண்பர்கள் 'பள்ளி' என்றால் கிறித்தவர் கோயிலையோ இசுலாமியர் தொழுமிடத்தையோ நினைக்கிறார்கள். நாமும் 'பள்ளிவாசல்' என்கிறோம் அல்லவா? பண்டைக் காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் அங்கிருந்து எழுத்தும் கணக்கும் கற்பித்தார்கள். வழிபாடும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் அச்சொல் தமிழில் ஒரு பக்கமும் மலையாளத்தில் மற்றொரு பக்கமும் சாய்ந்துவிட்டது. நம் நகருக்கு வடமேற்கே, கடலோரத்தில், பள்ளித்துறை என்று ஓர் ஊர் உண்டு. பள்ளி நின்ற துறை. அதனை அடுத்தது தும்பா. தும்பைச் செடி மிகுந்திருந்தமையால் வந்த பெயர் என்று சொல்லுகிறார்கள். வெண்மைக்கு உவமையாகத் தமிழ்ப் புலவர்கள் எடுத்தாளும் அதே தும்பைதான்.

அந்தப் பள்ளித்துறையில் மகதலேனா மரியாள் பெயரால் ஒரு கோயில் இருந்தது. மீனவர்கள் தொழுத கோயில். இக்கரையின் முக்குவர் குடிகள் கிறித்தவர் ஆன வரலாறு பழையது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சேவியர் திருவிதாங்கூர்க் கரையோரமாக ஊர் ஊராக நடந்து, ஒரு திங்களுக்குள் பதினாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாகத் தாமே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த மன்றாட்டுகள், தமிழில் பெயர்த்து எழுதி அவர் மனப்பாடம் செய்துகொண்டவை. இன்று மலையாளம் ஒலிக்கும் இக்கரையில் அந்நாள் கேட்ட மறையுரை தமிழாயிருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் நன்று.

இனி, 1962-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில்தான் இந்தியாவின் விண்வெளி ஆய்வுக் குழு அமைந்தது. அதன் தலைவர் டாக்டர் விக்கிரம் சாராபாய். ஏவூர்தி விடுதற்கு ஏற்ற இடம் ஒன்றை அவர் தென்னகத்தில் தேடினார். தேடியதன் காரணம் மிகச் சுவையானது. நில உருண்டையின் நடுக்கோடு ஒன்று உண்டு என்பது யாவரும் அறிந்ததே. அதனைப் போலவே காந்த நடுக்கோடு என்று மற்றொன்றும் உண்டு. அக்கோட்டின்மேல் காந்த ஊசியைத் தொங்கவிட்டால், அது எப்பக்கமும் சாயாது தரைக்கு இணையாகக் கிடக்கும். அக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு மேற்காக ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. ஆய்வுப் பலூன் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்வது அரிது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்ந்து சுற்ற இயலாது. இடைப்பட்ட அந்த வெளியை நேரே சென்று ஆராய ஏவூர்தி ஒன்றே வழி. அக்காந்தக் கோடு தும்பாவின் அருகே சென்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் இருப்புப்பாதை, இடையே ஏறத்தாழ 600 ஏக்கர் மணல்வெளி. ஏவூர்தி விழுந்தால் கடலில்தான் விழும். அறிவியலாருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அம்மணல்வெளி வெற்றிடமாயில்லை. கோயில் இருந்தது, ஆயரின் இல்லம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, அவற்றைச் சுற்றி மீனவர் குடிசைகள் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சென்று கண்டார். பின்னர் நடந்ததை இராமேசுவரத்துத் தமிழர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் எழுதி வைத்திருக்கிறார். ஆயர் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று மக்கள் நடுவே சாராபாயை நிறுத்தி, இவர்கள் நம் கோயிலையும் என் இல்லத்தையும் கேட்கிறார்கள், அறிவியலும் மனிதர்க்கு நலம் தேடும் ஒரு பணியே, கொடுக்கலாமா என்று வினவினார். சிறிது நேர அமைதிக்குப் பின், கூடியிருந்தோர் அனைவரும் 'ஆமென்' என்று ஒருவாய்ப்படச் சொன்னார்கள் என்கிறார் கலாம்.

இந்நிகழ்ச்சியை மேடைதோறும் எடுத்துச் சொல்லுகிறோம். சமயமும் அறிவியலும் கைகோத்தன என்று சொல்லிக் கைதட்டுகிறோம். எனக்கு அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அந்தச் சிறிது நேர அமைதியில் என் மனம் தங்கிவிடுகிறது. மீனவனுக்குத் துறை என்பது வெறும் வீட்டுமனை அன்று. கட்டுமரம் எந்த இடத்தில் அலையைக் கடக்கும், எந்தத் திங்களில் எந்தப் பக்கம் நீரோட்டம், கரமடி வலையை எவ்விடத்தில் இழுத்தால் பாறையில் சிக்காது, இவையெல்லாம் அவன் தந்தையும் பாட்டனும் அந்த ஒரு துறையில் நின்று கற்றவை. சில கல் தொலைவு தள்ளிக் குடியேறினால் அடுத்தவன் துறையில் போய் நிற்கிறான். இரவல் நிலத்தில் உழலாம். இரவல் துறையில் தொழில் செய்வது எளிதன்று. ஆகையால் அந்த 'ஆமென்' சொன்னவர்கள் கொடுத்தது கட்டடத்தை மட்டுமல்ல என்பதை நாம் மறத்தல் கூடாது.

கோயில் அலுவலகமாயிற்று. வழிபாட்டு அறை தமக்கு முதல் ஆய்வுக்கூடம் என்றும், ஆயரின் அறை வரைபடம் எழுதும் இடம் என்றும் கலாம் தம் வரலாற்று நூலில் குறிக்கிறார். ஏவூர்தியின் பாகங்கள் மிதிவண்டியில் சென்றன. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலையில் அமெரிக்கர் தந்த 'நைக்கி-அப்பாச்சி' என்னும் ஏவூர்தி அம்மணலிலிருந்து எழுந்தது. அது மேலே சென்று சோடிய ஆவியைப் பரப்ப, மேல்வானத்தில் செம்மஞ்சள் நிற முகில் ஒன்று தோன்றிற்று. அம்முகில் கேரளத்தில் மட்டுமன்றித் தமிழகத்தின் தென்கோடியிலும் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். பழைய கோயில் இன்று விண்வெளிக் காட்சியகமாக நிற்கிறது. மக்களுக்கு அதே கரையில் வேறோரிடத்தில் வீடும், மகதலேனா மரியாள் பெயராலேயே புதிய கோயிலும் அமைந்தன.

கலாமைப்பற்றி இடையே ஒரு செய்தி. அவர் சிறுவராயிருந்தபோது இராமேசுவரத்தில் அவருடைய தந்தையாரும், கோயில் அர்ச்சகர் இலட்சுமண சாத்திரியாரும், பாதிரியார் போடல் என்பாரும் ஒன்றாக அமர்ந்து ஊர்நலம் பேசுவது வழக்கமாம். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஓர் ஆயரின் இல்லத்தில் அமர்ந்து ஏவூர்திக்குப் படம் வரைவது புதுமையாகத் தோன்றியிராது.

இனி, கோயில் ஊர்மக்களுக்கு ஆற்றும் பணி என்னவென்று பார்ப்போம். புகழ்ச்சியாக மட்டும் பேசினால் அது உண்மையாகாது. பழங்காலத்தில் இக்கரையிலும் குமரிக் கரையிலும் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் குத்தகையாகத் தரவேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. ஏழை மீனவன் தரகனுக்கும் கொடுத்தான்; கோயிலுக்கும் கொடுத்தான்; மிஞ்சியது கொண்டு உலை வைத்தான். கோயிலை ஊரின் தாய் என்று சொல்லுவோர் இந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்த நிலை மாறத் தொடங்கியதும் கோயிலின் வழியாகவே என்பது வியப்பு. 1960-களில், நான் முன்பு சொன்ன அதே ஆயர் பெரைராவின் காலத்தில், நிலமில்லாத மீனவர்க்கென்று தும்பாவுக்கு வடக்கே மரியநாடு என்னும் புதிய ஊர் உருவாயிற்று. அவ்வூருக்குச் சமூகப் பணியாளர் சிலர் வந்து குடியிருந்தார்கள். அவர்கள் கண்ட நோய் இது: மீனவன் வலைக்கும் மரத்துக்கும் தரகனிடம் முன்பணம் வாங்குகிறான். அதற்கு ஈடாக, பிடித்த மீனைக் கரையில் ஏலம்விடும் உரிமை தரகனுக்குப் போய்விடுகிறது. விலையைத் தரகன் வைக்கிறான். கழிவைத் தரகன் எடுக்கிறான். கடன் மட்டும் தீர்வதில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்தவன் கரையில் கைகட்டி நிற்கிறான். மருந்து என்ன? மீனவர்களே ஒரு சங்கம் அமைத்து, ஏலத்தைத் தாமே நடத்தினார்கள். விற்ற விலையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு. எஞ்சியது அன்றே கையில். மீன்பாடு மிகுந்த நாளில் மிகுதியும், குறைந்த நாளில் குறைவும் கடனுக்குப் போகும்; ஒன்றும் கிடைக்காத நாளில் ஒன்றும் பிடித்தமில்லை. நம்மில் வங்கியில் பணிபுரிவோர் இம்முறையின் நுட்பத்தை நன்கு உணர்வீர்கள். தரகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் அந்த விதை பல ஊர்களுக்கும் பரவி, 1980-ஆம் ஆண்டில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. அதன் தலைமையிடம் இந்நகரே. கோயில் தொடங்கிவைத்த ஒரு செயல், கோயிலின் கையைவிட்டு மக்களின் கைக்குப் போனதே அதன் சிறப்பு என்பது என் கருத்து.

அடுத்து, நமக்கு இன்னும் அண்மையான ஒன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு கடற்கரையில் வந்து இறங்கிற்று. ஆனால் திருச்சபையின் எல்லை அக்கோட்டைப் பின்பற்றவில்லை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்னும் தமிழகத்து ஊர்கள் திருவனந்தபுரத்து இலத்தீன் உயர்மறைமாவட்டத்திலேயே நின்றன. அரசினர் கணக்கில் அவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தார். கோயிற் கணக்கில் நம் திருவனந்தபுரத்தார். பல்லாண்டுகள் அவ்வுயர்மறைமாவட்டத்தை வழிநடத்திய பேராயர் சூசைபாக்கியம் பிறந்த ஊர் மார்த்தாண்டன்துறை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் திங்களின் கடைசி நாட்களில் ஒக்கிப் புயல் எழுந்தது. நவம்பர் 29-ஆம் நாள் தாழ்வு மண்டலமாயிருந்தது மறுநாள் காலைக்குள் புயலாகிவிட்டது. பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் முந்தின மாலையே சிறு வள்ளங்களில் கடல் புகுந்திருந்தார்கள். தூத்தூர்க் கரையாரோ ஆழ்கடலில் சுறாவும் சூரையும் தேடிப் பல நாட்கள், வாரங்கள் தங்கி வருவோர். எச்சரிக்கை வந்தபோது கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. எத்தனை பேர் போயினர், எவர் எவர் எந்தப் படகில் என்னும் கேள்விக்கு முதலில் எந்த அலுவலகத்திலும் விடையில்லை. விடை இருந்த இடம் கோயில்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் குடும்பப் பதிவேடு உண்டு; பிறப்பும் திருமுழுக்கும் திருமணமும் இறப்பும் அதில் ஏறும். சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு கூட்டம்; அதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'அன்பியம்' என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அவ்வன்பியத்துப் பெண்மணிகளுக்கு எந்த வீட்டு ஆண்மகன் எந்தப் படகில் போயிருக்கிறான் என்பது மனப்பாடம். அவர்கள் சொல்லச் சொல்லப் பங்குத்தந்தையர் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். திரும்பியவர் பெயர் அடிக்கப்பட்டது. இலட்சத்தீவிலும், மகாராட்டிரக் கரையிலும், குசராத்திலும் ஒதுங்கியவர்கள் செய்தி வரவர மேலும் பெயர்கள் அடிக்கப்பட்டன. அடிக்கப்படாத பெயர்கள் மிஞ்சின. அரசின் எண்ணும் திருச்சபையின் எண்ணும் நெடுநாள் ஒத்துவரவில்லை. ஏனெனில் ஒன்று மனு கொடுத்தவரை எண்ணிற்று. மற்றொன்று வீட்டில் வெற்றிடமாகிவிட்ட இருக்கையை எண்ணிற்று. டிசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை நிலையத்தில் மக்கள் இருப்புப்பாதையில் அமர்ந்தபோது, அருட்தந்தையரும் உடன் அமர்ந்தார்கள்.

அந்நாட்களில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மையார் ஒருவர் பத்து நாட்கள் வரவில்லை. பிறகு வந்தார், வெறுங்கூடையோடு. "அண்ணன் மகன் பெயர் இன்னும் கோயில் பலகையில் இருக்கிறது, சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி அவரை உள்ளே அழைத்து அமரச் செய்தாள். பலகையில் பெயர் இருக்கிறது என்பதற்கு அவர் வழக்கில் என்ன பொருள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

ஓராண்டு முற்றாகக் கழியவில்லை. 2018-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கிற்று. செங்கன்னூரிலும் ஆறன்முளையிலும் வீட்டுக் கூரைகளின்மேல் மக்கள் நின்றார்கள். ஓடும் வெள்ளத்தில் படகு செலுத்தத் தெரிந்தவர்கள் யார்? பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் கோயில்களில் அறிவிப்புச் செய்தார்கள். மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக வடக்கு நோக்கிச் சென்றார்கள். கேரளம் முழுவதிலுமாக 669 படகுகள் சென்றதாகவும், 65,000 பேருக்கு மேல் மீட்கப்பட்டதாகவும் அரசு கணக்கிட்டது. மதிலிலும் மரத்திலும் மோதிப் பல படகுகள் உடைந்தன. ஒக்கியின்போது தங்களைத் தேடி எவரும் விரைந்து வரவில்லை என்று மனம் வெதும்பியிருந்த மக்கள்தாம் இவ்வாறு விரைந்தார்கள். முதலமைச்சர் பினராயி விசயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார்.

பாராட்டு நல்லதுதான். ஆனால் அதே ஆண்டுகளில் வலியதுறையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. வீடிழந்த குடும்பங்கள் சிமெந்துக் கிடங்கு ஒன்றில், துணித் திரையைச் சுவராகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 2022-ஆம் ஆண்டு விழிஞ்ஞம் துறைமுகப் பணியை நிறுத்திக் கடலரிப்பை ஆராய வேண்டும் என்று உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் போராட்டம் எழுந்து, நூறு நாட்களுக்கு மேல் நடந்து, டிசம்பர் 6-ஆம் நாள் முடிந்தது. துறைமுகமே அரிப்புக்குக் காரணம் என்றனர் மீனவர். அன்று என்றனர் அரசினர். இடையில் கலவரமும் நிகழ்ந்தது. அதை எவரும் நல்லதென்று சொல்லார். பணி நிற்கவில்லை. 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோதி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் சங்கத்திலேயே இதுபற்றி இருவேறு கருத்துடையோர் இருக்கிறார்கள். துறைமுகத்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்பாரும் உளர். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. 1962-இல் நாட்டுக்காக மணலையும் கோயிலையும் கொடுங்கள் என்று கேட்டபோது ஞாயிறு வழிபாட்டில் மக்கள் நடுவே வைத்துக் கேட்டார்கள். அறுபதாண்டுகளுக்குப் பின் அம்மக்களின் பிள்ளைகள் சாலையில் அமர்ந்து, எங்களையும் கேளுங்கள் என்றார்கள். இரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றே சொல்லுகிறேன்.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். ஆண்டுதோறும் நம் காலனிப் பிள்ளைகளைத் தும்பா காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுகிறோம். ஏவூர்தி மாதிரிகளைக் காட்டி, மரத்தடியில் புளிச்சோறு உண்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இவ்வாண்டு வண்டியை இன்னும் சிறிது தூரம் செலுத்தி, பள்ளித்துறையின் புதிய கோயிலுக்கும் சென்று வருவோம். முன்கூட்டிப் பங்குத்தந்தைக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றுக்கொள்வார் என நம்புகிறேன். பழைய கோயிலில் வழிபட்ட முதியோர் எவரேனும் இருப்பின், அன்றைய ஞாயிற்றுக்கிழமையைப்பற்றிப் பிள்ளைகளே அவரிடம் கேட்டு எழுதிவரட்டும். அதை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.